வீட்டு வேதபாடக் குழு: மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து முடிவுவரை படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் வியாழக்கிழமை மாலை கூடும் குழு, முதல் முறை மாற்கு நான்காம் அதிகாரத்தோடு நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. வருகிறவர்கள் மெல்லக் குறைந்தார்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து முறையை மாற்றித் திரும்பத் தொடங்கினோம். பதினாறு அதிகாரமும் முடிந்தது. அதன் பிறகு வேறு மூன்று குழுக்கள் தொடங்கியபோது கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான்: வேதாகமம் மடியில் திறந்திருக்கும், பேச்சு மட்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும்.

கீழே சொல்லும் படிகள் எல்லாமே பேச்சை மடியில் இருக்கும் பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காகத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். உலை கொதிக்கும் முன்னே அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

1. ஆட்களைச் சேர்க்கும் முன் போதகரிடம் சொல்லுங்கள்

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. நான்கு வீடுகள் சேர்ந்து வாரந்தோறும் கூடுவது வெளியில் தெரிந்தவுடன், "தனிச்சபை தொடங்குகிறார்களாம்" என்ற பேச்சு கிளம்பும். போதகருக்கு அது மூன்றாம் ஆள் வாயிலாகப் போய்ச் சேர்ந்தால் பிறகு விளக்கம் சொல்லியே காலம் போகும். கத்தோலிக்கக் குடும்பங்களாக இருந்தால் அன்பியக் கூட்டத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) ஒரு பகுதியாகவே இதை நடத்தலாம். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதே நாளில் இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: குழுவில் காணிக்கை எடுப்பதில்லை. பத்து ரூபாய்கூட வேண்டாம். பணம் நுழைந்தால் பொருளாளர் நுழைவார், பொருளாளர் நுழைந்தால் கணக்கு நுழையும். வேதம் வாசிக்கக் கணக்குப் புத்தகம் எதற்கு?

ஆறு பேரிலிருந்து பத்துப் பேர்வரை சரியான அளவு. ஐந்துக்குக் கீழே போனால் இரண்டு பேர் ஊருக்குப் போன வாரம் கூட்டம் இல்லை. பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அதற்கு ஞாயிறு ஆராதனையே இருக்கிறது.

2. ஒரே நூலைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாரம் ஒரு தலைப்பு எடுக்கிறார்கள்: இந்த வாரம் விசுவாசம், அடுத்த வாரம் மன்னிப்பு. அதில் நடப்பது இதுதான். நடத்துகிறவர் தனக்கு முன்பே தெரிந்த கருத்துக்கு ஏற்ற ஏழெட்டு வசனங்களைத் தேடி எடுத்து வருவார். எல்லோரும் புரட்டுவார்கள், வாசிப்பார்கள், மீண்டும் புரட்டுவார்கள். எந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நம் வீடுகளில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊறியது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 பல வீடுகளில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம், திரும்பி வர எழுபது வருடம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பத்தாம் வசனத்தையும் சேர்த்து மாட்டினால் வேறு மாதிரி ஜெபிப்போம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நூலாக மாற்குவைச் சொல்கிறேன். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம். நீண்ட பிரசங்கங்கள் குறைவு, நடந்த சம்பவங்கள் அதிகம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரும் கதையைப் பிடித்துக்கொள்வார். ஒரு வாரத்துக்கு 10 முதல் 25 வசனம் என்று எடுத்தால் எட்டு, ஒன்பது மாதம் ஓடும். வசனக் கணக்கைப் பார்த்து வெட்டாதீர்கள். சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுங்கள்.

3. குழுவில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கட்டும்

எல்லோர் கையிலும் பழைய மொழிபெயர்ப்பே இருந்தால் ஒரு தொல்லை உண்டு: காதுக்குப் பழகிவிட்டதால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாம் அதிகாரத்தில் வரும் "திமிர்வாதக்காரன்" யார் என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, "திமிர் பிடித்தவர், வாதம் செய்பவர்" என்றான். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவன் இருபது வருடமாக அப்படித்தான் கேட்டிருக்கிறான். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "முடக்குவாதமுற்றவர்" என்று இருக்கிறது. சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே பத்துப் பேரில் இரண்டு பேராவது பொது மொழிபெயர்ப்பு வைத்திருக்கட்டும். "வேதபாரகர்" என்று ஒருவர் வாசிக்க, "மறைநூல் அறிஞர்" என்று மற்றவர் வாசிக்கும்போது இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரிவார். நூல்களின் பெயர்களும் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், ஆதியாகமம் அங்கே தொடக்கநூல். இல்லாவிட்டால் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போகும்.

ஒரு நாள் கட்டாயம் ஒருவர் கேட்பார்: "என் புத்தகத்தில் இருக்கும் வசனம் உங்கள் புத்தகத்தில் இல்லையே?" மாற்கு 9:44, 9:46 இரண்டும் அப்படிப்பட்டவை. பழமையான கைப்பிரதிகளில் அவை இல்லாததால் புதிய மொழிபெயர்ப்புகள் பல அவற்றை அடிக்குறிப்புக்கு இறக்கிவிட்டன. அதே சொற்கள் 48ஆம் வசனத்தில் இருக்கின்றன, எதுவும் தொலைந்துபோகவில்லை. இந்த விடை உங்களிடம் தயாராக இல்லையென்றால், யாரோ வேதத்தைத் திருத்திவிட்டார்கள் என்ற பேச்சு அந்த வாரத்தை விழுங்கிவிடும்.

கூடவே ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். நடத்துகிறவரின் நோட்டில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது எதற்கென்று பின்னால் வரும்.

4. இடம், நேரம், காபி

எல்லோரும் பாயில் உட்காருங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி. பெரியவர்கள் நாற்காலியிலும், பெண்கள் அடுப்படி வாசலிலும், பிள்ளைகள் வெளித் திண்ணையிலும் உட்கார்ந்தால் யார் பேசுவது என்று வீடே தீர்மானித்துவிடும். வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். ஒலிபெருக்கி வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும்.

எழுபத்தைந்து நிமிடம் போதும். தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரத்தை ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் பெண், ஒன்பது மணிக்கு மேல் இழுத்தால் மூன்றாம் வாரம் வரமாட்டாள். அவளைத்தான் நீங்கள் இழக்கக் கூடாது.

இப்போது சிற்றுண்டி. எங்கள் முதல் குழு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது. முதல் வீட்டில் காபியும் பிஸ்கட்டும். இரண்டாம் வீட்டில் வடை. மூன்றாம் வீட்டில் வடையோடு கேசரி. நான்காம் முறை போக வேண்டிய வீட்டில், "இந்த வாரம் வீட்டில் கொஞ்சம் அசௌகரியம்" என்றார்கள். அந்த அசௌகரியம் திரும்பத் திரும்ப வந்தது. கேசரி செய்ய வசதியில்லாத வீடு அது. இரண்டாம் முறை விதியே போட்டோம்: கருப்பட்டிக் காபி மட்டும், அதுவும் முடிந்த பிறகு. நடுவில் தட்டு வந்தால் பேச்சு முறியும், வீட்டுக்கார அம்மா பாதி நேரம் அடுப்படியில் இருப்பார்.

5. நடத்துகிறவரின் வீட்டுப்பாடம்

இரண்டு மணி நேர வேலை. ஒரே நாளில் செய்ய வேண்டாம். திங்கள் தொடங்கிப் புதன் முடியுங்கள்.

அந்த வாரப் பகுதியை நான்கு முறை வாசியுங்கள், ஒரு முறையாவது சத்தமாக. பிறகு அதற்கு முந்தின பத்து வசனத்தையும் பிந்தின பத்து வசனத்தையும் வாசியுங்கள். அதிகார எண்ணைச் சுவராக நினைக்க வேண்டாம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் சொல்லும் வசன எண்கள் 1551இல் வந்தவை. பத்திகளின் மேல் தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்புகளும் அச்சிட்டவர்கள் வைத்தவை. மாற்கு எழுதியபோது இவை எதுவும் இல்லை.

அதன் பிறகு கேள்விகளை எழுதுங்கள். பத்து எழுதி ஐந்தாகக் குறையுங்கள். "இயேசு இரக்கமுள்ளவரா?" போன்ற கேள்விக்கு ஆமென் என்று மட்டுமே பதில் சொல்ல முடியும், அதை அடித்துவிடுங்கள். "இந்தப் பகுதியில் வாயே திறக்காதவர் யார்?" என்ற கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அதை வையுங்கள்.

விளக்கவுரைகளைக் கடைசியில் திறங்கள். முதலில் திறந்தால் உங்கள் கண் அடைந்துவிடும். குழுவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். தடித்த புத்தகம் ஒன்று பாயில் இருந்தால், சரியான விடை அதற்குள் இருப்பதாக எண்ணி எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். நானே தொடக்கத்தில் இரண்டு புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன்.

6. வாசிப்பு

ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பதை நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் மூன்று கேடு உண்டு. கதை துண்டு துண்டாகிறது. அடுத்து தன் முறை வரப்போகிறவர் கேட்பதை விட்டுத் தன் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார்.

மூன்றாவது கேடு இன்னும் மோசம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பாட்டி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். ஆங்கில வழியில் படித்து, தமிழ் வாசிக்கத் திணறும் பேரனும் இருப்பான். தன் முறை வரும் பயத்திலேயே இருவரும் அடுத்த வாரம் நின்றுவிடுவார்கள். நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் முந்தின நாளே சொல்லி, முழுப் பகுதியையும் நிறுத்தி நிதானமாக வாசிக்கச் செய்யுங்கள். இரண்டாம் முறை பொது மொழிபெயர்ப்பிலிருந்து இன்னொருவர் வாசிக்கட்டும். இரண்டு முறை கேட்டுவிட்டால் வாசிக்கத் தெரியாதவரும் மற்றவர்களுக்குச் சமமாகப் பேச முடியும்.

கைபேசியில் வாசிக்கிறவர்கள் இணையத்தை அணைத்துவிட்டு வாசிக்கட்டும்.

7. முதல் சுற்று: என்ன எழுதியிருக்கிறது?

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இந்தச் சுற்றில் ஒரே ஒரு விதி: என்ன சொன்னாலும் எந்த வசனத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். "எந்த வசனம், அண்ணே?" என்ற கேள்வியை நான் ஒரு மாலையில் பதினைந்து முறை கேட்டிருக்கிறேன். முதலில் எரிச்சல்பட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். என்னையும்தான்.

மாற்கு 5:21-43ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபஆலயத் தலைவர் யவீரு வருகிறார், மகள் சாகும் நிலையில் இருக்கிறாள் என்கிறார். போகும் வழியில் ஒரு பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். பிறகு யவீருவின் வீடு. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. விரல் வைத்துத் தேடியபோது எங்கள் குழு கண்டெடுத்தவை இவை: பெண்ணின் நோய்க்குப் பன்னிரண்டு வருடம் (25), சிறுமியின் வயதும் பன்னிரண்டு (42). யவீரு பாதத்தில் விழுகிறார் (22), அந்தப் பெண்ணும் முன்பாக விழுகிறாள் (33). யவீரு "என் மகள்" என்கிறார் (23), இயேசு அந்தப் பெண்ணை "மகளே" என்கிறார் (34). யவீருவுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவளோடு பேசி முடிப்பதற்குள் சிறுமி இறந்துவிட்ட செய்தி வருகிறது (35).

இவ்வளவும் விளக்கம் எதுவும் இல்லாமல், பக்கத்தைப் பார்த்து மட்டும் கிடைத்தவை. ஒரு கதையைப் பிளந்து அதன் நடுவில் இன்னொரு கதையை வைப்பது மாற்குவின் வழக்கம். பதினோராம் அதிகாரத்தில் அத்திமரத்துக்கும் தேவாலயத்துக்கும் இதையே செய்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் அதைத் தாங்களே கண்டுபிடித்தவர்கள், பதினொன்றில் நான் சொல்லும் முன்னே கண்டுகொண்டார்கள்.

பார்க்க எளிய வழி ஒன்று: திரும்பத் திரும்ப வரும் சொல், எண்கள், இடப்பெயர், யார் யாரிடம் பேசுகிறார், ஒருமையா பன்மையா என்பவற்றின் கீழே பென்சிலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். மாற்கு 2:5இல், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். பன்மையைக் கவனிக்காமல் போனால் அந்த நால்வரும் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

ஐந்தாம் அதிகாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். "பெரும்பாடு" என்ற சொல் வந்ததும், ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டமாயிற்றே என்று கூச்சப்பட்டு, "ஒரு நோய்" என்று சொல்லி வேகமாகத் தாண்டினேன். எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் நிறுத்தினார். "தம்பி, பன்னிரண்டு வருடம் உதிரம் போனால் வீட்டில் எந்த இடத்தில் உட்காரவைப்பார்கள், எந்தப் பாத்திரத்தைத் தொடவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்" என்றார். அதன் பிறகு பதினைந்து நிமிடம் பெண்கள் மட்டுமே பேசினார்கள். லேவியராகமம் 15:25-27ஐ நான் தேடி எடுத்து வந்திருந்தேன், அது அவர்கள் பேசியதற்குத் துணைச் சான்றாக மட்டும் பயன்பட்டது.

8. இரண்டாம் சுற்று: இதற்கு என்ன பொருள்?

பார்த்ததெல்லாம் நோட்டில் இருக்கும்போதுதான் பொருள் பற்றிய கேள்விக்குப் போக வேண்டும். முன்பே போனால் ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டதை ஒப்பிப்பார்கள். அது தவறான பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் கண்டெடுத்ததாக இருக்காது.

ஏழை விதவையின் காணிக்கை இதற்கு நல்ல பயிற்சி. காணிக்கைப் பிரசங்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதி போல நமக்குப் பழகிவிட்டது. மாற்கு 12:41-44 என்று வெட்டாமல், 12:38இல் தொடங்கி 13:2வரை வாசிக்கச் சொல்லுங்கள். 40ஆம் வசனத்தில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை தன் ஜீவனுக்கு உண்டாயிருந்தது எல்லாவற்றையும் போடுகிறாள். அதிகார எண்ணைத் தாண்டினால், ஒரு சீஷன் தேவாலயக் கற்களை வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. அந்த ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டது.

இந்த இடத்தில் நான் கேட்ட கேள்வி: "இயேசு அவளிடம் ஏதாவது பேசினாரா?" தேடினார்கள். பேசவில்லை, சீஷர்களை அழைத்துப் பேசினார் (43). "நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னாரா?" மீண்டும் தேடினார்கள். அப்படி ஒரு வரி இல்லை. லூக்கா 10:37இல் நல்ல சமாரியன் கதையின் முடிவில், "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று சொல்கிறவர், இங்கே அப்படிச் சொல்லவில்லை. அறையில் அமைதி. பிறகு ஒருவர், "அப்படியானால் அவர் அவளைப் புகழ்கிறாரா, அவளுக்காக வருந்துகிறாரா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். இரண்டு பக்கமும் வசனம் காட்டினார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என்னிடமும் தீர்ப்பு இல்லை.

பின்னணித் தகவலைச் சிறிதளவு, சரியான நேரத்தில் கொடுங்கள். விதவை போட்ட இரண்டு காசும் சேர்ந்து ஒரு ரோமக் குவாட்ரன்ஸ். அப்படி அறுபத்துநான்கு சேர்ந்தால் ஒரு தினாரியு, அதாவது ஒரு நாள் கூலி. நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது பத்து ரூபாய். இந்தக் கணக்கைச் சொன்னதும் கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், "பத்து ரூபாய்க்கு இப்போது டீகூட வராது" என்றார். பின்னணியின் வேலை அவ்வளவுதான். பத்து நிமிடம் ரோம நாணய வரலாறு சொன்னால் அவர் கொட்டாவி விட்டிருப்பார்.

கேள்விப்பட்ட தகவல்களைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாற்கு 10:25இல் வரும் "ஊசியின் காது", எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல் என்றும், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் அதில் நுழைந்துவிடலாம் என்றும் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்று கிடையாது. சான்று தேடி அலையவும் வேண்டாம். அடுத்த இரண்டு வசனங்களை வாசித்தால் போதும். சீஷர்கள் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்கிறார்கள். மனுஷரால் கூடாது என்று இயேசுவே சொல்கிறார். குனிந்தால் நுழையலாம் என்றால் அவர்கள் ஏன் அப்படித் திகைக்க வேண்டும்? "கிரேக்கத்தில் இதற்கு உண்மையான பொருள்..." என்று தொடங்கும் எதையும் இதே தராசில் நிறுத்துப் பாருங்கள்.

9. மூன்றாம் சுற்று: நாம் என்ன செய்வது?

பத்து நிமிடம். இங்கே பெரிய சொற்கள் வரும்: "இனி அதிகமாக ஜெபிப்பேன்", "இன்னும் விசுவாசத்தில் வளர்வேன்." அடுத்த வியாழக்கிழமை செய்தீர்களா என்று கேட்க முடியாத எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் விதி. யாருக்கு, எப்போது, என்ன என்று மூன்றும் இருக்க வேண்டும்.

விதவையின் பகுதி முடிந்த வாரம், காணிக்கையைக் கூட்டுவேன் என்று இருவர் சொன்னார்கள். ஒரு அக்கா 40ஆம் வசனத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, தன் தெருக்கோடியில் கணவரை இழந்த ஒரு பெண் இருக்கிறார், விதவை உதவித்தொகைக்கு மனுப்போட யாரும் துணை இல்லை, சனிக்கிழமை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றார். ஒரு சான்றிதழ் குறைந்ததால் மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை குழுவில் இன்னொருவரும் கூடப் போனார்.

நடத்துகிறவர் மற்றவர்களுக்குச் செயல் எழுதிக் கொடுக்கக் கூடாது. "இந்த வசனம் உங்களுக்குத்தான், மதினி" என்று யாராவது தொடங்கினால் சிரித்தபடியே நிறுத்திவிடுங்கள்.

10. ஓயாமல் பேசுகிறவரும் வாயே திறக்காதவரும்

கேள்வி கேட்டபின் அமைதி வந்தால் பயப்படாதீர்கள். மனதுக்குள் பதினைந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டில் யாராவது பேசிவிடுவார்கள். நாமே பதில் சொல்லிவிட்டால், இனிமேல் கேள்விகளுக்குப் பதில் நாமே சொல்வோம் என்று குழு கற்றுக்கொள்ளும்.

அதிகம் பேசுகிறவரை அவமானப்படுத்தாதீர்கள். அவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர். அவருக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண் சந்திக்காவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும், இது என் அனுபவம். "ஐயா சொன்னதற்கு வசனத்தில் வேறு யாராவது இடம் காட்டுங்கள்" என்று பந்தை மற்றவர்களிடம் தள்ளலாம். பேசாதவரைத் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். முதல் சுற்றில், "இந்தப் பகுதியில் என்னென்ன இடங்கள் வருகின்றன?" போன்ற எளிய கேள்வியை அவர் பக்கம் பார்த்துக் கேளுங்கள். ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை எளிது.

சபைகளுக்கு இடையிலான வாக்குவாதங்கள் வந்தே தீரும்: குழந்தை ஞானஸ்நானம், அந்நிய பாஷை, மரியாள், ஓய்வுநாள். அந்த வாரப் பகுதி அதைப் பேசவில்லையென்றால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுதுங்கள். எழுதினால் கேட்டவருக்கு மரியாதை கிடைத்துவிடும்; பேச்சும் திரும்பிவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தை எடுத்துப் போதகரிடம் கேளுங்கள். பாதிக் கேள்விகளை, கேட்டவர்களே அதற்குள் மறந்திருப்பார்கள்.

11. ஜெபம்

தொடக்க ஜெபம் இரண்டு நிமிடம். முடிவு ஜெபத்தில், முதலில் அன்று வாசித்த பகுதியை ஒட்டி ஜெபியுங்கள், பிறகு தேவைகளுக்கு. வரிசை மாறினால் தேவைகளே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும், வாசித்தது மறந்துபோகும்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுச் செய்தி பரவுவது நம் கூட்டங்களின் பழைய நோய். தன்னைப் பற்றியோ தன் வீட்டாரைப் பற்றியோ மட்டும் சொல்லலாம். இங்கே சொன்னது வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஒருமுறை தாண்டியது. மகனின் குடிப்பழக்கத்தைக் கண்ணீரோடு சொன்ன ஒரு தாயிடம், மறுநாள் மளிகைக் கடையில் வேறொருவர் விசாரித்திருக்கிறார். அந்தத் தாய் பிறகு வரவில்லை. போய்க் கேட்டோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனாலும் வரவில்லை.

12. பதினாறாம் அதிகாரமும் அதற்குப் பிறகும்

கடைசிப் பகுதிக்கு இரண்டு கூட்டம் ஒதுக்குங்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு முக்கியமான கிரேக்கக் கைப்பிரதிகளில் மாற்கு 16:8ஓடு முடிகிறது: பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 9 முதல் 20வரை பிற்காலத்தில் சேர்ந்ததாகவே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, முதல் கூட்டத்தில் எட்டாம் வசனத்தோடு நிறுத்துங்கள். அப்படியே எழுந்து காபி குடிக்கப் போங்கள். அடுத்த வாரம் மற்றதை வாசியுங்கள். ஒரு வாரம் அந்தப் பயத்தோடு இருந்தவர்கள் என்னென்ன யோசித்து வருகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

முடிந்தபின் மூன்று வாரம் விடுமுறை விடுங்கள். நடத்துகிறவர் மாறட்டும். அடுத்த நூல் சின்னதாக இருக்கட்டும்: ரூத் நான்கு அதிகாரம், பிலிப்பியர் நான்கு, யாக்கோபு ஐந்து. வெளிப்படுத்தின விசேஷம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அண்ணன் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. எங்கள் அண்ணனின் விருப்பத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, ரூத்தைத் தொடங்கிவிட்டோம்.